தேடி வருபவரிடம் விற்பது எப்படி: ஆன்லைன் கடைக்கான முழுமையான எஸ்இஓ வழிகாட்டி

"15.6 இன்ச் லேப்டாப் வைக்க, மழையில் நனையாத பை" என்று ஒருவர் தேடுபொறியில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வரியில் எவ்வளவு சொல்லிவிட்டார் பாருங்கள். என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், எல்லாம் அதில் இருக்கிறது. கடைக்கு நேரில் வருபவர்கூட எடுத்த எடுப்பில் இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார். விளம்பரம் வேறு வேலையில் இருப்பவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறது. தேடலில் வருபவர் வாங்கும் எண்ணத்தோடு தானே கேட்டுக்கொண்டு வருகிறார்.

அவர் கேட்டதற்கு உங்கள் கடையில் ஏதாவது ஒரு பக்கம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடுபொறி படித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டும். எஸ்இஓ, அதாவது தேடுபொறி உகப்பாக்கம் என்பது இந்த இரண்டு வேலையும்தான். நான் பார்த்த கடைகள் பல, இரண்டாவது வேலைக்குக் கருவியும் ஆளும் வைத்துச் செலவு செய்துவிட்டு முதல் வேலையைத் தொடாமலே விட்டிருந்தன. இந்த வழிகாட்டி முழுக்க பை விற்கும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பொருள் எதுவானாலும் முறை இதுதான்.

படி 1: வாங்குபவரின் சொற்களைச் சேகரியுங்கள்

கீவேர்டு (மக்கள் தேடுபொறியில் தட்டும் சொல்) ஆராய்ச்சி என்றதும் எல்லோரும் ஒரு கருவியைத் திறந்து, அதிகம் தேடப்படும் சொல்லைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அனுப்பிய செய்திகள், மின்னஞ்சல்கள், பொருளைத் திருப்பி அனுப்பியபோது எழுதிய காரணங்கள் ஆகியவற்றை எடுத்துப் படியுங்கள். அவர்கள் எழுதிய சொல்லை அப்படியே ஒரு தாளில் குறியுங்கள். நீங்கள் "நீர் எதிர்ப்புத் திறன் கொண்டது" என்று எழுதியிருப்பீர்கள்; அவர் "மழையில நனையுமா?" என்று கேட்டிருப்பார். தேடுபொறியிலும் அவர் தன் சொல்லைத்தான் தட்டுவார்.

அப்புறம் கருவிகளுக்கு வாருங்கள். கூகுள் தேடல் பெட்டியில் பாதி தட்டும்போதே கீழே வரும் பரிந்துரைகள், முடிவுகளுக்கு நடுவே வரும் "மக்கள் இதையும் கேட்கிறார்கள்" பகுதி, பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்கள் ஆகிய மூன்றும் இலவசம். கூகுள் ட்ரெண்ட்ஸ் ஒரு சொல் எந்த மாதத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று காட்டும். கூகுள் ஆட்ஸ் கணக்கு இருந்தால் கீவேர்டு பிளானரில் தேடல் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும். ஒரே பொருளுக்கு மக்கள் இரண்டு மொழியில், இரண்டு எழுத்தில் தேடுவதுண்டு. அவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சேர்ந்த சொற்களை நோக்கப்படி பிரிக்க வேண்டும். ஆந்த்ரே புரோடர் என்ற கணினி ஆய்வாளர் 2002-ல் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போகத் தேடுவது, ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. "பையில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது" என்பது தெரிந்துகொள்ள. "25 லிட்டர் முதுகுப்பை வாங்க" என்பது காரியத்தை முடிக்க. விற்பவருக்கு நடுவில் இன்னொரு வகையும் முக்கியம், ஒப்பிடுவது: "நைலான் பையா பாலியெஸ்டர் பையா". இப்படித் தேடுபவர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். எதை வாங்குவது என்பதில்தான் நிற்கிறார்.

நோக்கத்தை ஊகித்து எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நீங்களே தேடிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருவதெல்லாம் பல பைகளை அடுக்கிக் காட்டும் வகைப் பக்கங்கள் என்றால், அந்தச் சொல்லுக்குத் தேடுபொறி வகைப் பக்கத்தையே விரும்புகிறது என்று பொருள். ஒரே ஒரு பையின் பக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே முட்டிமோதுவது வீண். வருவதெல்லாம் கட்டுரைகள் என்றால் கட்டுரைதான் எழுத வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் உழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

கடைசியில் தாளில் இரண்டே பத்திகள் இருந்தால் போதும். இடப்பக்கம் ஒரே பொருள் தரும் சொற்களின் கூட்டம், வலப்பக்கம் அதற்குப் பதில் சொல்லப்போகும் ஒரே ஒரு பக்கம். ஒரு கூட்டத்துக்கு இரண்டு பக்கங்களை ஒதுக்கினால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று போட்டியிடும்.

புதுக் கடையாக இருந்தால் "பை" போன்ற ஒற்றைச் சொல்லின் பின்னால் ஓடாதீர்கள். நீளமான, குறிப்பான சொற்றொடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் தேடுபவர் குறைவு. ஆனால் போட்டியும் குறைவு, வருபவர் வாங்கும் வாய்ப்பு அதிகம்.

படி 2: கடையின் அமைப்பு

முகப்பு, வகை, உள்வகை, பொருள். இந்த ஏணி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முகப்பிலிருந்து மூன்று நான்கு சொடுக்கில் எந்தப் பொருளையும் எட்ட முடிய வேண்டும். தேடுபொறியின் ரோபோ, அதாவது பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கும் நிரல், இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பொருள், இருட்டறையில் அடுக்கிய சரக்கு மாதிரி.

வகைப் பக்கங்களை வெறும் படங்களின் வரிசையாக விட்டுவிடாதீர்கள். "லேப்டாப் பைகள்" என்ற பக்கத்தின் மேலே மூன்று நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். எந்த அளவு லேப்டாப்புக்கு எந்தப் பை பொருந்தும், தினமும் சுமப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்தின் அடியில் கீவேர்டுகளைத் திணித்த நீண்ட உரை வேண்டாம். அதை யாரும் படிப்பதில்லை.

அடுத்தது ஃபில்டர், நிறம், அளவு என்று தேர்ந்தெடுத்துப் பொருள்களை வடிகட்டும் வசதி. பெரிய கடைகளில் எஸ்இஓ சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். பைக்கு 6 நிறம், 5 கொள்ளளவு, 4 துணி வகை, 3 வரிசை முறை என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே 360 முகவரிகள் உருவாகும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே பைகள்தான். ரோபோ இவற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் நேற்றுச் சேர்த்த புதுப் பொருளைப் பார்க்க அதற்கு நேரமாகும்.

படி 1-ல் செய்த தாளை எடுங்கள். "கறுப்பு லேப்டாப் பை" என்று மக்கள் உண்மையிலேயே தேடுகிறார்களா? அப்படியானால் அந்தச் சேர்க்கைக்கு நிலையான முகவரியும் தனித் தலைப்பும் கொடுத்து முறையான பக்கமாக்குங்கள். யாரும் தேடாத சேர்க்கைகளுக்கு கனானிக்கல் டேக் போட்டு, மூலப் பக்கம் எது என்று காட்டுங்கள். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009-ல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட டேக் இது. தேடுபொறி அதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் போனால் ரோபோ எங்கெங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) அவற்றைத் தடுப்பதும் ஒரு வழி.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பக்கத்தில் நோஇன்டெக்ஸ் (தேடல் முடிவுகளில் சேர்க்காதே என்ற குறி) போட்டுவிட்டு, அதே பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுவார்கள். தடுத்துவிட்டால் ரோபோ உள்ளே வராது. வராவிட்டால் நோஇன்டெக்ஸ் இருப்பதே அதற்குத் தெரியாது. வேறெங்காவது இணைப்பு இருந்தால் அந்த முகவரி முடிவுகளில் வரவும் வாய்ப்புண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

கீழே உருட்ட உருட்டப் பொருள்கள் வந்துகொண்டே இருக்கும் அமைப்பு உங்கள் கடையில் இருக்கிறதா? கூகுளின் ரோபோ மனிதரைப் போல உருட்டாது, "மேலும் காட்டு" பொத்தானையும் அழுத்தாது. அதனால் பக்கம் 2, பக்கம் 3 என்று சாதாரண இணைப்புகளும் கூடவே இருக்க வேண்டும். அவை ஒவ்வொன்றின் கனானிக்கலும் தன்னையே காட்டட்டும். எல்லாவற்றையும் பக்கம் 1-க்குத் திருப்பினால் பின்னால் இருக்கும் பொருள்கள் காணாமல் போகும்.

படி 3: பொருள் பக்கத்தை எழுதுவது

விற்பனை நடக்கும் இடம் இதுதான். என் கருத்தில் உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவழிக்கலாம்.

பல கடைகள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை அப்படியே ஒட்டிவிடுகின்றன. அதே வரிகள் அந்தப் பொருளை விற்கும் எல்லாக் கடைகளிலும் இருக்கும். கூகுள் இதற்குத் தண்டனை எதுவும் தருவதில்லை. ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றாக நேற்றுத் திறந்த உங்கள் கடை இருப்பது அரிது.

அதனால் பையைக் கையில் எடுங்கள். அளவுகோலை வைத்து உள்ளே அளந்து பாருங்கள். லேப்டாப் அறையின் நீளம், அகலம், தடிமன் எவ்வளவு? சார்ஜரோடு சேர்த்து வைத்தால் ஜிப் மூடுகிறதா? தண்ணீர் பாட்டில் பக்கவாட்டில் நிற்கிறதா, சாய்ந்து விழுகிறதா? துணியின் மீது தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு நேரம் தாங்குகிறது, தையல் வழியாக உள்ளே கசிகிறதா? காலியாக இருக்கும்போது எடை என்ன? இதையெல்லாம் எழுதுங்கள். குறையையும் எழுதுங்கள். "17 இன்ச் லேப்டாப் இதில் நுழையாது" என்ற ஒரு வரி, திரும்பி வரும் பார்சல்களைக் குறைக்கும். அதைப் படித்தவர் மற்ற வரிகளையும் நம்புவார். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டுதல்களில் 2022 டிசம்பரில் "அனுபவம்" என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தது. பொருளைத் தொட்டுப் பார்த்தவர் எழுதியதா இல்லையா என்பது படிப்பவருக்கு இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

தலைப்பில் பொருளின் பெயர், வாங்குபவர் தேடும் முக்கியத் தன்மை, பிராண்டு மூன்றும் வரட்டும். "25 லிட்டர் லேப்டாப் முதுகுப்பை, 15.6 இன்ச், மழை உறையுடன்" என்று எழுதி, கடைசியில் பிராண்டின் பெயரையும் சேர்த்தால் நல்ல தலைப்பு. "சிறந்த பை மலிவு பை ஆன்லைன் பை" என்பது யாருக்கும் உதவாது. கூகுளே அதை மாற்றி எழுதிவிடவும் கூடும். முக்கியமான சொற்கள் முன்னால் இருக்கட்டும், நீளமானால் பின்பகுதி வெட்டுப்படும்.

தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டுவதற்காக எழுதும் மெட்டா விவரணம் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் பத்து முடிவுகளில் உங்களுடையதை ஏன் சொடுக்க வேண்டும் என்று சொல்லக் கிடைக்கும் இரண்டு வரி இடம் அது. கீவேர்ட்ஸ் என்ற பழைய மெட்டா டேக்கை விட்டுவிடலாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

படங்களை நீங்களே எடுங்கள். பையைத் திறந்து உள்ளறை தெரிய ஒன்று, ஒருவர் முதுகில் மாட்டியிருக்க ஒன்று, தையலை நெருக்கமாகக் காட்ட ஒன்று. கோப்பின் பெயர் வெறும் எண்ணாக இல்லாமல் பொருளைச் சொல்லட்டும். ஆல்ட் உரையில், அதாவது படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாற்று உரையில், படத்தில் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். பார்வை இல்லாதவருக்கு அதுதான் படம். படத்தை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் மொழி) பின்னணியாக வைத்தால் கூகுள் அதைப் படத் தேடலில் சேர்க்காது. கூகுள் லென்ஸில் ஒரு பையைப் படம் பிடித்து "இது எங்கே கிடைக்கும்" என்று தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்களைக் கொண்டுசேர்ப்பது தெளிவான படங்கள்தான்.

வாடிக்கையாளர் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள். பொருள் கையில் கிடைத்துச் சில நாள் கழித்து, "எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? எது பிடிக்கவில்லை?" என்று இரண்டு கேள்வி அனுப்பினால் போதும். நீங்கள் நினைத்தே பார்க்காத சொற்கள் அவர்கள் பதிலில் வரும். பொய்க் கருத்துகளை எழுதவோ விலைக்கு வாங்கவோ வேண்டாம். வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது, பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம்.

படி 4: இயந்திரத்துக்குப் புரியும் குறிப்புகள்

பக்கத்தில் இருக்கும் ஓர் எண் விலையா, எடையா, மாடல் எண்ணா என்று மனிதருக்குப் பார்த்ததும் தெரியும். இயந்திரத்துக்கு அதை எடுத்துச் சொல்ல உருவானதுதான் ஸ்கீமா. கூகுள், பிங், யாஹூ சேர்ந்து 2011-ல் தொடங்கியது. பொருளின் பெயர், படம், விலை, நாணயம், இருப்பு, மதிப்பீடு ஆகியவற்றை இந்த வடிவில் கொடுத்தால், தேடல் முடிவிலேயே விலையும் நட்சத்திரங்களும் தெரிய வாய்ப்பு கிடைக்கிறது. உறுதி கிடையாது, வாய்ப்புதான். பல கடை மென்பொருள்கள் இதைத் தானாகவே போட்டுவிடுகின்றன. ஆனாலும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் ஒரு பொருள் பக்கத்தைக் கொடுத்துச் சரிபாருங்கள். பக்கத்தில் ஒரு விலை, ஸ்கீமாவில் வேறு விலை என்று மட்டும் இருக்கவே கூடாது.

இதோடு கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் கணக்கு தொடங்கி, பொருள் பட்டியலை ஏற்றுங்கள். ஷாப்பிங் பகுதியில் கட்டணமில்லாமல் பொருளைக் காட்டும் வசதியை 2020-ல் கொண்டுவந்தார்கள். பார்கோடுக்கு அடியில் இருக்கும் ஜிடிஐஎன் எண்ணைத் தவறாமல் கொடுங்கள். ஒரே பொருளை விற்கும் பல கடைகளை தேடுபொறி அந்த எண்ணை வைத்துத்தான் ஒன்றுசேர்த்துப் பார்க்கிறது.

படி 5: வேகமும் கைபேசியும்

கூகுள் உங்கள் தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான் படித்து வைத்துக்கொள்கிறது. கணினியில் தெரியும் விவரம் கைபேசியில் இல்லாவிட்டால், அந்த விவரமே இல்லாத மாதிரிதான்.

வேகத்துக்கு மூன்று அளவுகள். முக்கியப் படமோ உரையோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும். பக்கம் ஏறும்போது பொத்தான்கள் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் மூன்றையும் காட்டும். கடைகளில் பெரும்பாலும் சிக்கல் படங்களால் வருகிறது. அவற்றை வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவுக்கு மாற்றி, காட்டும் அளவுக்கே சுருக்குங்கள், நீள அகலத்தைக் குறிப்பிடுங்கள். கீழே இருக்கும் படங்களைத் தாமதமாக ஏற்றலாம். மேலே இருக்கும் முதல் படத்தைத் தாமதிக்காதீர்கள். அப்புறம், எப்போதோ நிறுவி மறந்துபோன செயலிகளின் ஸ்கிரிப்டுகளை நீக்குங்கள்.

படி 6: சரக்கு தீர்ந்த பக்கங்கள்

மீண்டும் வரப்போகும் பொருளின் பக்கத்தை அழிக்காதீர்கள். "இப்போது இருப்பில் இல்லை" என்று காட்டி, வந்ததும் தெரிவிக்க மின்னஞ்சல் கேளுங்கள், நெருக்கமான மாற்றுப் பொருள்களுக்கு இணைப்பு கொடுங்கள். ஸ்கீமாவிலும் இருப்பு நிலையை மாற்றுங்கள்.

இனி வரவே வராது என்றால், அதற்கு நேரான புதுப் பதிப்பு இருந்தால், வருபவரை அந்தப் பக்கத்துக்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் கொடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 குறியீட்டை நேர்மையாகக் கொடுப்பதே சரி. நின்றுபோன எல்லாப் பொருளையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது பலரின் பழக்கம். பையைத் தேடி வந்தவர் முகப்பில் வந்து விழித்துக்கொண்டு நிற்பார். கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

படி 7: வழிகாட்டும் கட்டுரைகளும் வெளி இணைப்புகளும்

ஒப்பிடுபவர்களுக்கும் தெரிந்துகொள்ள வருபவர்களுக்கும் கட்டுரை எழுதுங்கள். வாரம் ஒன்று என்று கணக்கு வைக்க வேண்டாம். உங்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் பத்துக் கேள்விகளுக்குப் பத்துக் கட்டுரை போதும். "பையின் ஜிப் சிக்கிக்கொண்டால்" என்ற கட்டுரைக்கு நீங்களே ஒரு ஜிப்பைச் சரிசெய்து, படிப்படியாகப் படம் எடுத்துப் போடுங்கள். அங்கிருந்து பொருத்தமான வகைப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். இணைப்பின் மீது "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல், "மழை உறையுள்ள பைகள்" என்று போகும் இடத்தையே எழுதுங்கள்.

மற்ற தளங்கள் உங்களுக்குத் தரும் இணைப்பை தேடுபொறிகள் தொடக்கத்திலிருந்தே மதிக்கின்றன. அதனாலேயே அதை விற்பவர்களும் பெருகினார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றத்தில் அப்படிச் சேர்த்த இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் சரிந்தன. தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது இன்றும் விதிமீறல். யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்து எழுதச் சொன்னால், அந்த இணைப்பில் ஸ்பான்சர்டு என்ற குறி இருக்க வேண்டும். நேர்வழிகளும் இருக்கின்றன. உங்களுக்குச் சரக்கு தரும் தயாரிப்பாளரின் "எங்கே வாங்கலாம்" பக்கத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் துறையைப் பற்றி எழுதுபவர்களுக்கு நீங்கள் செய்த தண்ணீர்ச் சோதனையின் முடிவுகளை அனுப்புங்கள். மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தது நிற்கும்.

படி 8: அளந்து பார்த்துத் திருத்துங்கள்

தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம், அதற்கு மேல் போனால் பிரித்துக்கொள்ளுங்கள். பிங்குக்கும் இதே போன்ற வெப்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது, கால்மணி நேர வேலை.

முதலில் இன்டெக்ஸ், அதாவது தேடுபொறி சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் அறிக்கையைப் பாருங்கள். எந்தப் பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன, சேராதவை எந்தக் காரணத்தால் நிற்கின்றன என்று அங்கே இருக்கும். சேராத பக்கத்துக்குத் தலைப்பு திருத்திப் பயன் இல்லை. அடுத்து செயல்திறன் அறிக்கை. எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி இடம் என்ன என்று 16 மாதத் தரவு கிடைக்கும்.

சராசரி இடம் 8-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கும் சொற்களைத் தனியே எடுங்கள். முதலில் கைவைக்க வேண்டியவை இவைதான். தேடுபொறி உங்களைப் பொருத்தமானவர் என்று ஏற்கெனவே கருதுகிறது. ஏதோ ஒரு பதில் பக்கத்தில் குறைகிறது. உங்களுக்கு மேலே இருக்கும் பக்கங்களைத் திறந்து, வாங்குபவரின் எந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் சொல்லவில்லை என்று பாருங்கள். அதைச் சேருங்கள், கட்டுரைகளிலிருந்து இரண்டு இணைப்பு கொடுங்கள். நல்ல இடத்தில் இருந்தும் சொடுக்குபவர் குறைவாக இருந்தால், தலைப்பையும் மெட்டா விவரணத்தையும் மாற்றிப் பாருங்கள். செய்த மாற்றத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் பத்து விஷயத்தை மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

வருகையை மட்டும் எண்ணாதீர்கள். தேடலில் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று அனலிட்டிக்ஸில் பக்கவாரியாகப் பாருங்கள். ஆயிரம் பேர் படித்துவிட்டுப் போகும் கட்டுரையைவிட, முப்பது பேர் வந்து மூன்று பேர் வாங்கும் வகைப் பக்கத்துக்கு அடுத்த வாரத்தைக் கொடுப்பேன்.

இன்னொரு இடமும் இருக்கிறது, உங்கள் கடைக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி. அதில் வாடிக்கையாளர் தட்டி, முடிவே வராமல் போன சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுங்கள். அதில் சில, உங்களிடம் இருந்தும் நீங்கள் வேறு பெயரில் அழைக்கும் பொருள்கள். பெயரைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். சில, நீங்கள் இன்னும் வாங்கி வைக்காத சரக்கு. இரண்டையும் படி 1-ல் தொடங்கிய அதே தாளில், இடப்பக்கப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.